நாலடித் தண்ணீர்

இரண்டாவது சுற்றும் முடிந்து டியூப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பூபாலன் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்றுதான் காலை நீட்டினான். பெருவிரல் படியில் பட்டும் விட்டது. அப்புறம் அந்தக் காலுக்கு என்ன தோன்றியதோ, தானாக மடங்கி டியூபுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் அவனைத் தள்ளிக்கொண்டு போயிற்று. போகட்டும். இந்த ஆற்றில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஊதின ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து மல்லாந்து கிடந்தால் போதும். லேஸி ரிவர் என்று பலகை வைத்து, பெயர் புரியாதவர்களுக்காகக் கண்ணை மூடித் தூங்கும் ஆமை ஒன்றையும் வரைந்திருந்தார்கள். மலையில் பிறக்காத, கடலில் சேராத ஆறு. அந்தப் பிரம்மாண்டமான கொட்டகையின் சுவரை ஒட்டி வளைந்து வளைந்து போய்ப் புறப்பட்ட படிக்கட்டுக்கே வந்து சேரும். கொட்டகை என்று சொன்னால் நிர்வாகத்துக்குக் கோபம் வரும். உள்ளே ஏழெட்டுச் சறுக்குக் குழாய்கள், அலைக்குளம், பிளாஸ்டிக் தென்னை மரங்கள், கூரையில் பெயின்ட் அடித்த நீல வானம், அந்த வானத்தில் காலையிலிருந்து நகராத நான்கு மேகங்கள். வெளியே அவினாசி ரோட்டில் மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே வெயிலும் இல்லை நிழலும் இல்லை, எல்லா மூலையிலும் ஒரே வெளிச்சம், ஒரே குளோரின் வாடை. ஒரு மனிதன் போய் ஒளிந்துகொள்வதற்கு இடமே வைக்காமல் கட்டியிருந்தார்கள். அதனால்தான் ஆற்றில் விழுந்து சுற்றிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால், அலைக்குளத்தில், தங்கை மகள் மிதுலாவின் தலையில் கை வைத்து, அவளைத் தண்ணீருக்குள் அமுக்கி, அந்தத் தெம்பில் தன் மூக்கை வெளியே நீட்டி மூச்சு விட்டவன் அவன். பார்த்தவர்கள் எல்லோரும், மாமன் பாய்ந்து பிடித்துக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது சுற்று ஆரம்பமாயிற்று. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். தண்ணீரில் ஊறி விரல்கள் சுருங்கிப் போயிருந்தன. நடுவில், கட்டைவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு தடம் இன்னும் இருந்தது. அவள் உச்சியில் குத்தியிருந்த பட்டாம்பூச்சி கிளிப்பின் தடம். போன சுற்றில் கொஞ்சம் மங்கியது போலத் தெரிந்தது, இப்போது மறுபடியும் சிவந்திருக்கிறது; இவன்தான் சும்மா சும்மா தேய்த்துக்கொண்டே இருக்கிறானே. எத்தனை நேரம் அமுக்கியிருப்பான்? முதல் சுற்றில் இரண்டு செகண்ட் என்று முடிவு செய்தான். இரண்டு செகண்ட் என்பது ஒன்றுமே இல்லை, குழந்தைகள் குளிக்கும்போது தானாகவே அவ்வளவு நேரம் முங்குகின்றன. இரண்டாவது சுற்றில், அந்தக் காளான் குடை மாதிரியான நீரூற்றுக்கு அடியில் போகும்போது, மனசுக்குள் நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்த்து எண்ணினான், நான்கு வந்தது. நான்கா? முதலில் ஒரு மூச்சு உள்ளே இழுத்தான். அப்புறம் இருமினான். அப்புறம் இன்னொரு மூச்சு. இருமிவிட்டு இன்னொரு மூச்சு விடுகிற அளவுக்கு அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது. கண்ணாடி போடவில்லை, அதனால் பார்க்கவில்லை என்று சொல்லலாம். மைனஸ் நாலு பவர், கண்ணாடியை லாக்கரில் வைக்கச் சொல்லிவிட்டார்கள், கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்கு உலகமே சோப்பு நுரைதான். ஏதோ பந்து என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அந்தக் குளத்தில் பந்து மிதக்கத்தான் செய்கிறது, சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பந்துகள். ஆனால் பந்துக்கு யாரும் கிளிப் குத்தி அனுப்புவதில்லை. கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஈர முடி, கிளிப், அதற்குக் கீழே குழந்தையின் மண்டையோட்டின் சூடு. தெரிந்துதான் அமுக்கியது.

அவனை யார் தண்ணீரில் இறங்கச் சொன்னது? வாய்தான். பதினோரு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறான், ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர், கீழே பதினெட்டுப் பேர். வாரா வாரம் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் தங்கை கோமதி வருவாள், அவள் மடியிலிருந்து மிதுலா எட்டிப் பார்ப்பாள். குழந்தையிடம் பேசுவதற்கு அவனிடம் விஷயம் ஏது? ஒரு நாள் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த போட்டோவைக் காட்டினான். "மாமா நீங்க கடல்ல நீந்துவீங்களா?" என்றது குழந்தை. ஆமாம் என்றான். எவ்வளவு தூரம் என்றது. அந்தக் கப்பல் தெரியுது பார், அது வரைக்கும் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீயும் வா சாமி, உன்னை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்தறேன் என்று சொல்லித் தொலைத்தான். அவனுக்கு நீச்சலே தெரியாது, கடலில் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் கரைக்கு ஓடி வந்துவிடுவான் என்பது அவன் மனைவிக்கு மட்டும் தெரியும்; அவள் பையனின் பரீட்சையைச் சொல்லி மஸ்கட்டிலேயே நின்றுவிட்டாள். குழந்தைகள் எதையும் மறப்பதில்லை. ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்து சாக்லேட்டும் பேரீச்சையும் எடுத்துக் கொடுத்தால், அதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு, எப்ப மாமா முதுகுல ஏத்தி நீந்துவீங்க என்று கேட்டாள். மாப்பிள்ளை சிவப்பிரகாசத்துக்கு, அதாவது கோமதியின் வீட்டுக்காரருக்கு, மச்சானுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுவென்று இருந்தது. காதுகுத்துக்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் விளையாடப் போகலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டார்.

காதுகுத்து. நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு, குலதெய்வக் கோயிலில், மிதுலா அவன் மடியில் உட்கார வேண்டும். மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், வேறு மடி செல்லாது. கோமதிக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை, இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவன் வந்து மடி கொடுக்கவில்லை என்பதற்காக அந்தக் குழந்தை ஏழு நடக்கிற வயது வரைக்கும் வெறும் காதோடு பள்ளிக்கூடம் போய் வந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் நீ பையனா என்று கேட்டார்களாம். கோமதியின் நாத்தனார் சாவித்திரி, அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மாமன் வர்ற வரைக்கும் காதுதான் இருக்குமா தேஞ்சுதான் போகுமா என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நான்கு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு வயதில் குத்தியிருக்கலாம், கொரோனாவில் விமானம் ஓடவில்லை. மூன்று வயதில் குத்தியிருக்கலாம், கம்பெனியில் விடவில்லை, அது நிஜம்தான். ஐந்து வயதில்? ஐந்து வயதில் லீவு கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜியாவுக்குப் பனி பார்க்கப் போனான். ஒரு போட்டோகூட எங்கேயும் போடவில்லை, கம்பெனியில் இந்த வருஷமும் கையை விரிச்சுட்டான் கோமு என்று ஓட்டல் அறையிலிருந்தே போன் பேசினான், பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சரிண்ணா, உடம்பைப் பாத்துக்க என்றாள். அவள் அப்படித்தான், ஒரு கேள்வி அதிகமாகக் கேட்க மாட்டாள்.

பாலத்துக்கு அடியில் டியூப் போனது. பாலத்தின் மேல் குழந்தைகள் தடதடவென்று ஓடினார்கள், அத்தனை பேரும் அலைக்குளத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அலை வருவதற்கு முன்னால் மில் சைரன் மாதிரிச் சங்கு ஊதும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குச் சங்குச் சத்தம் என்றால் சாப்பாட்டு நேரம் என்றுதான் அர்த்தம். இன்றைக்கும் சங்கு ஊதினபோது ஒரு கணம் பசி வந்தது, வெட்கக்கேடு. மிதுலா அவன் முதுகில் இருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள், போங்க மாமா, இன்னும் போங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கரையில் மஞ்சள் பனியன் போட்ட காவல்காரப் பெண் குழந்தைக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டாள், அது கழுத்தில் உரசுகிறது என்று குழந்தை சிணுங்கியது, நான் இருக்கேன்ல, நீச்சல் தெரிஞ்சவன் கூடத்தானே வர்றா என்று இவனே அதைக் கழற்றிக் கரையில் எறிந்தான். எத்தனை தெனாவெட்டு. நாலடி என்று தரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தது, அந்தக் கோட்டில் போய் நின்றால் தண்ணீர் நெஞ்சுவரைக்கும் வந்தது, கூட்டமும் இருந்தது, சுற்றி மாமாக்களும் அத்தைகளும் நைலான் உடுப்பில் தொப்பையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், இங்கே என்ன வந்துவிடப்போகிறது என்று நின்றான். முதல் அலைக்குக் குதித்தான், குழந்தை வீறிட்டுச் சிரித்தது. இரண்டாவது அலை தாடையில் அடித்தது. மூன்றாவது அலையில் காலுக்குக் கீழே தரை இல்லை. நாலடித் தண்ணீர்தான், நின்றால் நெஞ்சுவரை வருகிற தண்ணீர், ஆனால் தரை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகில் இருந்த கனம் நழுவியது. மூக்கில் ஏறி மண்டைக்குள் சுரீரென்றது. கையை வீசினான். கைக்கு ஒன்று கிடைத்தது. கிடைத்ததைக் கீழே அமுக்கி அதன் மேல் எழும்பி வந்தான். கையூன்றி எழுந்திருக்கிற மாதிரிதான், தினமும் பாயிலிருந்து எழுந்திருப்பதில்லையா, அந்த மாதிரிதான். என்ன மாதிரி? பாய்க்குக் கை கால் உண்டா? கீழே அது உதறிக்கொண்டது. அவன் முட்டியில் ஒரு சின்னக் கால் உதைத்தது. உதைத்தது தெரிந்த பிறகும் ஒரு மூச்சு விட்டான். அந்த ஒரு மூச்சுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது, முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை.

அப்புறம் தூக்கினான், அதுவும் உண்மைதான். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கரையிலிருந்து கோமதியின் குரல் கூட்டத்தையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தது: "எங்கண்ணன் புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!" காவல்காரப் பெண் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை இருமி, கொஞ்சம் தண்ணீர் கக்கி, அழக்கூட இல்லை, பெரியவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. சிவப்பிரகாசம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மச்சான் மச்சான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாவித்திரி இருக்கிறாளே, இத்தனை வருஷமாக இவன் பேரை இழுத்து இழுத்துப் பேசின சாவித்திரி, தன் துண்டை எடுத்து இவன் தலையைத் துவட்டிவிட்டாள். "மாமன்னா இப்படியல்ல இருக்கோணும் தம்பி. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அவன் என்ன செய்தான்? பரவாயில்லீங்க அக்கா என்றான். பரவாயில்லை என்று சொல்ல அந்த நாக்குக்கு எப்படி வந்தது? துவட்டுகிற கைக்குத் தலையையும் குனிந்து கொடுத்தான். கொஞ்சம் சுகமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் சாவித்திரியின் இடுப்புக்குப் பின்னாலிருந்து மிதுலா அவனைப் பார்த்தாள், அல்லது பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவள் முகம் ஒரு பழுப்பு வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா, சொல்லிவிடுவாளா, அவள் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு ஆற்றில் வந்து விழுந்தான்.

"மச்சான்!" என்று கரையிலிருந்து சிவப்பிரகாசம் கூப்பிட்டார். தீனிக்கடை மேஜைகள் ஆற்றோரமாகவே இருந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மேஜைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடப்பவன் போல நடித்தான். "இன்னும் எத்தனை ரவுண்டுங்க? கோபி மஞ்சூரியன் ஆறிப்போகுது."

"நீங்க சாப்பிடுங்க மாப்ளெ. வர்றேன்."

"இருக்கட்டும் இருக்கட்டும், நல்லா ரெஸ்ட் எடுங்க. நாளைக்குத்தான் உங்களுக்கு வேலை." அவர் டியூபோடு கூடவே கரையில் நடந்து வந்தார், கையில் காகிதத் தட்டு. "ஆசாரிகிட்டப் பேசிட்டேன். வயசு ஏறிப்போச்சு, கொழந்தை தலையைத் திருப்பிருமேன்னு பயப்படறாரு. மாமன் அமுக்கிப் புடிச்சாப் போதும், ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுதுங்கறாரு. ஒரு கை நெத்தியில, ஒரு கை பொடனியில. ஆடக்கூடாது. என்ற மச்சான் கை எப்பேர்ப்பட்ட கைன்னு இன்னைக்குத்தான் பாத்தமேன்னு சொல்லிப்போட்டேன்" என்று சிரித்தார். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் எதிரில் நிற்பது போன்ற தண்டனை வேறு கிடையாது. தண்ணீர் புண்ணியத்தில் டியூப் வளைவில் திரும்பியது, அவர் பின்தங்கினார்.

அமுக்கிப் பிடித்தால் போதும். நெற்றியில் ஒன்று, பிடரியில் ஒன்று. நாளைக்கு அத்தனை சொந்தக்காரர்களும் சுற்றி நிற்க, ஐயர் மணியடிக்க, அதே தலை. அதே கை. அவன் கையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டான், பார்க்கப் பிடிக்கவில்லை. குழந்தை மாட்டேன் என்றால்? மடியில் உட்கார மாட்டேன், மாமா வேண்டாம் என்று கத்தினால்? ஏன் என்று கேட்பார்கள், சொல்லும். சொல்லாவிட்டாலும் சாவித்திரி தோண்டி எடுத்துவிடுவாள். அப்புறம் கோமதி அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பாள்? இவனுக்கென்ன, விமானம் ஏறிவிடுவான். வயிற்றுப்போக்கு என்று சொல்லி நாளைக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பளிச்சென்று, நல்ல யோசனை மாதிரியே வந்தது. அதைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதில் கண்டுபிடிக்கிறான், தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று. இல்லை, இப்போது கண்டுபிடிக்கவில்லை. முன்னாலேயே ஒரு தரம் தெரிந்தது. காலையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே கோமதி வந்து நின்றபோதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பருத்தித் துணிக்கு அனுமதியில்லை என்று சொல்லி வாடகைக்கு நைலான் உடுப்பு கொடுத்திருந்தார்கள், முட்டியோடு நிற்கிற கால்சட்டை. எப்போதும் கணுக்கால்வரை சேலை கட்டுகிறவள் கூச்சத்தோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவன் அப்போது இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை; துண்டு விலகியபோது இடது கெண்டைக்காலில் அந்தத் தழும்பு. வெள்ளையாக, பிறை மாதிரி வளைந்து, நடுவில் குழிந்து. அவள் தாவணி போட்ட காலத்திலிருந்து அவன் அதைப் பார்க்கவில்லை. பார்த்ததும் சட்டென்று திரும்பி லாக்கர் சாவியைத் தேடினான், சாவி மணிக்கட்டில்தான் கட்டியிருந்தது.

அவனுக்குப் பன்னிரண்டு, அவளுக்கு ஆறு. டியூஷன் முடிந்து வருகிறபோது மில் காம்பவுண்டிலிருந்து நாய் துரத்தியது. இவன் ஓடினான், அவளும் ஓடி வந்தாள். இவன் முதலில் வீட்டுக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணா கதவைத் தெறண்ணா, அண்ணா கதவைத் தெறண்ணா என்றாள். இரண்டு தரம் என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூன்றாவது தரம் அவள் பேசவில்லை, கத்தினாள். கதவைத் திறந்தால் நாய் உள்ளே வந்துவிடும், அது மட்டும்தான் அவன் மண்டைக்குள் இருந்தது, அவள் குரல் எங்கேயோ பக்கத்துத் தெருவில் கேட்கிற மாதிரி இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு கேட்டபோது, அவளே, நான்தான் நாயைக் கல்லால அடிச்சேன், அண்ணன் முன்னாலயே போயிருச்சு என்றாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம். இப்போது மிதுலாவுக்கும் அதே வயதுதான். என்ன வளர்ந்திருக்கிறான் இவன்? தொப்பை வளர்ந்திருக்கிறது. பதினெட்டுப் பேருக்கு சூப்பர்வைசர்.

காளான் குடை வந்தது. மேலேயிருந்து தண்ணீர் திரையாக விழுந்து முகத்தில் அறைந்தது, காதுக்குள் போயிற்று. தாண்டி வந்ததும் தலையைச் சாய்த்து உதறினான். இடது காதிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு சொட்டு வழிந்தது, குளத்திலேயே ஏறி அடைத்துக்கொண்டிருந்த தண்ணீராக இருக்கும், இத்தனை நேரமாகப் பஞ்சு வைத்த மாதிரி இருந்த காது திறந்துகொண்டது. பாட்டுச் சத்தம், விசில், சறுக்குக் குழாய்க்குள் எவனோ அம்மா என்று அலறுகிற சத்தம் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வந்தன. அதோடு கோமதியின் குரலும் மறுபடி வந்தது, எங்கண்ணன் புடிச்சிருச்சு. இவனும் மறுபடி வரிசையாக எண்ணினான். சங்கு. மூன்றாவது அலை. கை. ஒரு மூச்சு, இருமல், முட்டியில் உதை, இன்னொரு மூச்சு. அப்புறம் கோமதியின் குரல். அப்புறம் தூக்கினான். இல்லை, தூக்கின பிறகல்லவா அவள் கத்தினாள்? தூக்கினதைப் பார்த்துத்தானே கத்த முடியும்? மறுபடி எண்ணினான். உதை, மூச்சு, குரல். குரல் கேட்டபோது உள்ளங்கையில் கிளிப் குத்திக்கொண்டுதான் இருந்தது. கை இன்னும் விரிந்தே இருந்தது. புடிச்சிருச்சு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் விரல்கள் மடங்கின, முடியை விட்டுக் கழுத்துக்கும் தோளுக்கும் போயின, பிடித்தன, தூக்கின. அவன் பிடிப்பதற்கு முன்பே அவள் பிடித்துவிட்டான் என்று கத்தியிருக்கிறாள். குழந்தை தண்ணீருக்குள் இருக்கும்போது. அப்படியானால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும், அந்த இரண்டாவது மூச்சையும் சேர்த்து.

படிக்கட்டு வந்தது. இந்த முறை கோமதி அங்கே நின்றிருந்தாள், முட்டியளவு தண்ணீரில், துண்டில்லாமல். அவளுக்குப் பின்னால் மேல்படியில் மிதுலா, ஒரு காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டு. கோமதி எட்டி டியூபின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"எத்தனை சுத்துத்தான் சுத்துவே? இவளையும் ஏத்திக்க. மாமா கூடப் போறயான்னு கேட்டேன், சரிங்கறா."

"வேண்டாம் கோமு."

"ஏனாம்?"

தண்ணீர் டியூபை இழுத்தது, அவள் விடவில்லை. மேஜையிலிருந்து சிவப்பிரகாசம் கையை ஆட்டினார். பாட்டு காதைப் பிளந்தது. இந்தச் சத்தத்தில் சொன்னால் பாதிதான் கேட்கும் என்று ஒரு கோழைத்தனமான தைரியம் அவனுக்கு வந்தது. "நான் புடிக்கல கோமு" என்றான். "அமுக்கிட்டேன். கொழந்தையை அமுக்கிட்டுத்தான் நான் மேல வந்தேன்."

அவள் முகத்தைப் பார்க்க இவ்வளவு பக்கத்தில் கண்ணாடி தேவைப்படவில்லை. ஒன்றும் மாறவில்லை அந்த முகத்தில். "தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுட்டேதான் அப்படிக் கத்துனயா?"

"வேற என்னன்னு கத்தறது? அத்தனை பேர் முன்னால?" குனிந்து கைப்பிடியை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள். "உடுண்ணா, கையை எடுண்ணான்னு கத்துனா உனக்குக் கேக்காது. பயந்துட்டீன்னா உனக்குக் காது அடைச்சுக்கும். எனக்குத் தெரியாதா?"

இரும்புக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் அவனுக்குக் கேட்டது. அவளுடைய கால் தண்ணீருக்குள் வெளிறித் தெரிந்தது. மன்னிச்சுக்க என்ற சொல் வாய்வரை வந்து, வந்த வேகத்தில் எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்துபோய் நின்றுவிட்டது. "நாளைக்கு நான் வேண்டாம் கோமு. வேற யாரையாச்சும்..."

"வேற யாரு இருக்காங்க?" என்றாள். குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. காய்கறிக்காரனிடம் வேறு காய் இல்லையா என்று கேட்கிற குரல். "எனக்கு நீ ஒருத்தன்தானே இருக்கே. எப்படி இருந்தாலும் அவ உன்ற மடியிலதான் உக்காரோணும். முகத்தைத் தொடச்சுக்க, நாத்தனார் பாக்கறாங்க." பிறகு திரும்பி, "வா சாமி" என்று குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்து, டியூபை ஆற்றுக்குள் தள்ளிவிட்டாள்.

தண்ணீர் இருவரையும் எடுத்துக்கொண்டது. குழந்தை அவன் வயிற்றில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் ஊர் காத்திருந்த மடி இதுதான், ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். உச்சியில் பட்டாம்பூச்சி கிளிப்பின் ஒரு சிறகு ஒடிந்திருந்தது. பூபாலன் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான். அவளைப் பிடித்துக்கொண்டால் பயப்படுவாள், பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவாள். கடைசியில் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுபோய், அவள் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி, டியூபின் விளிம்பில் விரித்து வைத்தான். மிதுலா அவற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கி உச்சந்தலையில் வைத்து மூடிக்கொண்டாள். மேஜையிலிருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாருங்க, தண்ணி கொட்டறதுக்கு முன்னாலயே தலையை மூடிக்கறா, காரியக்காரி!" என்று சாவித்திரி சொன்னது கேட்டது. காளான் குடை இன்னும் தூரத்தில் இருந்தது. சிவப்பிரகாசம் போனை எடுத்துப் படம் பிடித்தார். பூபாலன் சிரித்தான், படத்துக்காகச் சிரித்தான், அந்தச் சிரிப்பை எப்படி முகத்திலிருந்து எடுப்பது என்று அப்புறம் தெரியவில்லை.

"மாமா" என்றாள் மிதுலா, திரும்பாமல். "நாளைக்கும் அமுக்குவீங்களா?"

இல்லை சாமி என்று சொல்ல நாக்கு தயாராக எழுந்தது, அதுதான் பழகின நாக்காயிற்றே. கப்பல் வரைக்கும் நீந்தின நாக்கு. கம்பெனியில் விடவில்லை என்று சொன்ன நாக்கு. அதைப் பல்லுக்குள் பிடித்து வைத்துக்கொண்டான்.

"ஆமா" என்றான். "ஆசாரி குத்தி முடிக்கற வரைக்கும்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

அவள் யோசித்தாள். காளான் குடையின் இரைச்சல் நெருங்கி வந்தது, முதல் துளிகள் அவள் முழங்காலில் விழுந்தன. ஒரு கையை மெதுவாகத் தலையிலிருந்து எடுத்து, அவன் கைக்குப் பக்கத்தில், அவன் விரல்களைத் தொடாமல், டியூபின் பிடியைப் பற்றிக்கொண்டாள். இன்னொரு கை தலை மேலேயே இருந்தது.